இருவர் மட்டும் ஆடும் மாலை: சமகால நடன டூயட் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேடையில் இரண்டே பேர். அவர்கள் போன பிறகு வேறு இரண்டு பேர். ஒரு மாலை முழுவதும் இப்படியே போகும் சமகால நடன நிகழ்ச்சிக்கு முதன்முறை வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உலகின் பல ஊர்களில் உருவான சில படைப்புகளை உதாரணமாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். அவற்றை முன்பே பார்த்திருக்க வேண்டும் என்றில்லை.

அந்த மாலையில் என்னென்ன இருக்கும்?

பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு சிறிய படைப்புகள், நடுவில் ஓர் இடைவேளை. சில சமயம் ஒரே டூயட் ஒரு மணி நேரம் இடைவேளை இல்லாமல் ஓடும். மேடை அநேகமாகக் காலியாக இருக்கும். செட், நகை, தலை அலங்காரம் எதுவும் இருக்காது. பேன்ட், சட்டை, சாதாரண கவுன் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு வருவார்கள். பட்டும் சலங்கையும் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் சில நிமிடங்கள் வெறிச்சென்று தோன்றலாம். பரவாயில்லை, கண் சீக்கிரம் பழகிவிடும்.

கதையைத் தெரிந்துகொண்டு போக வேண்டுமா?

வேண்டாம். பல படைப்புகளில் கதையே கிடையாது. வாசலில் கொடுக்கும் குறிப்புத் தாளை நிகழ்ச்சி முடிந்த பிறகு படிப்பது நல்லது. முன்னாலேயே படித்துவிட்டால், அதில் எழுதியிருப்பது மேடையில் எங்கே வருகிறது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

கதை இல்லை என்றால் எதைத்தான் பார்ப்பது?

எடையைப் பாருங்கள். யாருடைய எடை எங்கே இருக்கிறது, யார் யாரைத் தாங்குகிறார், எந்த நொடியில் அது கை மாறுகிறது என்று கவனியுங்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் டூயட்டில் பாதி புரிந்த மாதிரி.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? பரதநாட்டிய வர்ணத்தை நினைத்துப் பாருங்கள். நாயகி ஏங்குகிறாள், தோழியைத் தூது அனுப்புகிறாள், வராத தலைவனோடு ஊடுகிறாள். தலைவன் மேடைக்கு வருவதே இல்லை. ஆடுகிறவரின் கண்ணும் கையும் அவனை வரைந்து காட்டுகின்றன, நாமும் அவனைப் பார்த்துவிடுகிறோம். அது ஒரு பெரிய கலை. டூயட்டில் அந்த இன்னொருவர் நிஜமாகவே வந்து நிற்கிறார். ஐம்பது, அறுபது கிலோ உடம்போடும், வியர்வையோடும், தனக்கென்று ஒரு மூச்சு வேகத்தோடும் வருகிறார். இவர் சாய்ந்தால் அவர் தாங்க வேண்டும். அவர் விலகினால் இவர் விழுவார். இதை அபிநயத்தால் ஈடுகட்ட முடியாது.

ஓர் உதாரணம். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் 1978-இல் நடன அமைப்பாளர் பினா பௌஷ் உருவாக்கிய ‘கஃபே ம்யூலர்’. மேடை முழுக்க நாற்காலிகள். ஓர் ஆணும் பெண்ணும் இறுகக் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். மூன்றாவது ஆள் ஒருவர் வந்து அந்தப் பிடியைப் பிரிக்கிறார். இருவரின் உதடுகளைச் சேர்த்து வைக்கிறார். அவள் கையை அவன் கழுத்தைச் சுற்றிப் போடுகிறார். அவன் கைகளை மடித்து, அவளைத் தூக்கி அதில் கிடத்திவிட்டுத் திரும்பி நடக்கிறார். அவன் கைகள் தாங்கவில்லை. அவள் நழுவித் தரையில் விழுகிறாள். விழுந்தவள் சட்டென்று எழுந்து பழையபடி அவனைக் கட்டிக்கொள்கிறாள். மூன்றாவது ஆள் திரும்பி வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து அடுக்குகிறார். மறுபடியும் விழுகிறாள், மறுபடியும் எழுகிறாள். வேகம் கூடிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் அந்த மூன்றாவது ஆள் தேவைப்படவே இல்லை. உதடு, கழுத்து, தூக்கு, விழு, அணை என்று இருவரும் தாங்களாகவே மூச்சிரைக்கச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஒரு குடும்பத்தில் மற்றவர்கள் சொல்லிக்கொடுத்த அன்பு எப்படிப் பழக்கமாகிறது என்று நான் இதைப் படித்துக்கொண்டேன். நீங்கள் வேறு மாதிரி படிக்கலாம். எப்படிப் படித்தாலும், அதற்கு ஆதாரமாக உங்கள் கண் முன் இருப்பது ஒன்றுதான்: அந்தக் கைகள் எப்போது தளர்கின்றன என்பது. முகங்கள் எதையும் எடுத்துச் சொல்லவில்லை.

ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடினால் காதல்தானே?

சினிமா டூயட் பார்த்து வளர்ந்த நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் சமகால நடனத்தில் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், வயதில் பெரிய வித்தியாசம் உள்ள இருவர் என்று எல்லா விதமான இணைகளும் உண்டு. அண்ணன் தம்பி, போட்டியாளர்கள், ஒரே ஆளின் இரண்டு பாதிகள் என்று எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். உறவே இல்லாமல் வெறும் இரண்டு உடல்களாகவும் இருக்கலாம்.

2005-இல் லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் அக்ரம் கானும் சிதி லார்பி செர்காவியும் ஆடிய ‘ஸீரோ டிகிரீஸ்’ நல்ல உதாரணம். ஒருவர் வங்கதேசப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து கதக் கற்றவர். மற்றவர் மொராக்கோ அப்பாவுக்கும் பெல்ஜிய அம்மாவுக்கும் பிறந்தவர். தொடக்கத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வங்கதேசத்திலிருந்து இந்தியாவுக்குப் போன ஒரு பயணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எல்லையில் பாஸ்போர்ட் அதிகாரிகள் கைக்குப் போனதும் தான் யார் என்பதே கையை விட்டுப் போன அனுபவம் அது. அனுபவம் அக்ரம் கானுடையது. ஆனால் சொல்வது இரண்டு வாய்கள். ஒரே சொல், ஒரே தயக்கம், மூக்கைச் சொறிவதுகூட ஒரே நொடியில் நடக்கும் அளவுக்குத் துல்லியம். யாருடைய கதை இது என்ற சந்தேகம் நமக்கே வந்துவிடும். மேடையில் சிற்பி ஆன்டனி கோர்ம்லி அவர்கள் இருவரின் உடலையே அச்செடுத்துச் செய்த இரண்டு வெள்ளை உருவங்களும் இருக்கின்றன. ஆக, இரண்டு பேர் ஆடும் மேடையில் நான்கு உடல்கள்.

பரதம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒட்டுமா?

நன்றாகவே ஒட்டும். அரைமண்டியின் உறுதி, தரையை அழுத்தி நிற்பது, கோடுகளின் சுத்தம் ஆகியவற்றைப் பார்க்கத் தெரிந்தவருக்கு இங்கே பாதி வேலை மிச்சம். அதற்குச் சென்னையிலேயே ஒரு பாலம் இருக்கிறது.

சந்திரலேகா (1928–2006) காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றவர். பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் ‘ஸ்பேசஸ்’ என்ற திறந்த வெளி அரங்கை வைத்துக்கொண்டு வேலை செய்தவர். 1985-இல் ‘அங்கிகா’ படைப்பில் பரதத்தையும் களரிப்பயட்டையும் ஒரே மேடையில் நிறுத்தினார். பக்தியையும் சிருங்காரக் கதைகளையும் கழற்றி வைத்துவிட்டு, அந்த அசைவுகளின் முதுகெலும்பு எங்கே இருக்கிறது என்று தேடினார். அவருடைய கடைசிப் படைப்பு 2001-இன் ‘சரீரா’. அது ஒரு டூயட். கவிஞர் திஷானி தோஷியும் களரிக் கலைஞர் ஷாஜி ஜானும் ஆடினார்கள். இசை குந்தேச்சா சகோதரர்களின் துருபத், அதாவது இந்துஸ்தானி மரபின் ஒரு பழைய பாட்டு வகை. ஒளியமைப்பு சதானந்த் மேனன்.

‘சரீரா’வில் எதுவும் அவசரப்படுவதில்லை. ஒரு கால் தரையை விட்டு விலகி முழுதாக விரியும் வரை துருபத் குரல் ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வரும். பார்த்துக்கொண்டிருக்கும்போது தொடைத் தசையில் ஓடும் சிறு நடுக்கம்கூடத் தெரியும். வேகமாக ஆடுவதைவிட அப்படி மெதுவாக நகர்வதற்கு அதிக பலம் வேண்டும். அந்த நிதானத்தில் பெண்ணின் உடல் யாருக்காகவும் அலங்கரித்துக்கொள்ளாமல், தன் சக்தியோடு தானாக இருக்கிறது. ஆண் அவளைத் தூக்குவதோ ஆட்டுவிப்பதோ இல்லை, அவள் சக்திக்கு எதிரே நிற்கிறான். தமிழ்நாட்டில் உருவான டூயட்களில் எனக்கு இதற்கு மேல் ஒன்று கிடையாது.

இசைக்கு ஏற்ப ஆடவே மாட்டேன் என்கிறார்களே, ஏன்?

சிலர் ஆடுகிறார்கள், சிலர் வேண்டுமென்றே ஆடுவதில்லை. அமெரிக்காவில் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடனத்தையும் இசையையும் தனித்தனியாகவே உருவாக்கினார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நடக்கும், அவ்வளவுதான். ஆடுகிறவர்கள் இசையை முதன்முறை மேடையில்தான் கேட்டார்கள் என்பதும் உண்டு. தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஆட முடியாததால் ஒருவரையொருவர் கவனித்துத்தான் ஆடியாக வேண்டும்.

இசையே இல்லாத டூயட்களும் நிறைய. நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத்தின் 2018-ஆம் ஆண்டு நிகழ்ச்சியான ‘எ க்வயட் ஈவ்னிங் ஆஃப் டான்ஸ்’ முதல் பாதியில் பெரும்பாலும் கேட்பது மூச்சுதான். உள்ளிழுக்கும் சத்தம்தான் அங்கே தாளம். அரங்கில் யாராவது பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் எல்லோருக்கும் கேட்கும். மிட்டாயை முன்னாலேயே வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ஜொனதன் பரோஸும் மத்தேயோ ஃபர்ஜியனும் 2002-இல் செய்த ‘போத் சிட்டிங் டூயட்’. ஒருவர் முன்னாள் பாலே கலைஞர், மற்றவர் இசையமைப்பாளர். இரண்டு நாற்காலிகள். காலடியில் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம். இருவரும் உட்கார்ந்தபடியே, அதில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கைகளால் மட்டும் ஆடுகிறார்கள்: தொடையைத் தடவுவது, விரலை எண்ணுவது, கையைத் தரை நோக்கித் தொங்கவிடுவது. முக்கால் மணி நேரம், சத்தமே இல்லாமல். அடியில் மார்ட்டன் ஃபெல்ட்மன் என்ற இசையமைப்பாளரின் ஒரு படைப்பு இருக்கிறது. அதன் ஸ்வரங்களைச் சைகைகளாக மாற்றியிருக்கிறார்கள். இரட்டை நாயனம் கேட்டவர்களுக்கு இதன் சுகம் உடனே பிடிபடும். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பதும், சேர்ந்து போய்விட்டு ஒருவர் மட்டும் சட்டென்று நிற்பதும் அதே ருசிதான்.

ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். எதற்கு?

மாறுவது கண்ணில் படுவதற்காக. பெல்ஜியத்தின் ஆன் தெரேசா டி கீர்ஸ்மேக்கர் 1982-இல், தம் 21-ஆம் வயதில், அரங்கேற்றிய ‘ஃபாஸ்’ இதற்குச் சிறந்த பாடம். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் இசைக்கு நான்கு பகுதிகள், அதில் மூன்று டூயட். மிஷேல் ஆன் டி மே கூட ஆடினார்.

முதல் பகுதியின் இசை 1967-இல் எழுதப்பட்டது. இரண்டு பியானோக்கள் ஒரே சிறிய வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. ஒன்று மட்டும் துளித்துளியாக வேகம் கூட்டி முன்னே நழுவி, அடுத்த ஸ்வரத்தில் போய் மறுபடி பூட்டிக்கொள்கிறது. மேடையில் வெளிர் நிற கவுனில் இரண்டு பெண்கள் கையை வீசித் திரும்புகிறார்கள். ஒரே வீச்சு, ஒரே திருப்பம். பிறகு ஒருவர் சற்று முந்துகிறார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் முன்பக்கம் பார்க்கும்போது மற்றவர் பின்பக்கம் பார்க்கிறார். அப்புறம் மெதுவாக மீண்டும் சேர்கிறார்கள்.

பின்னால் உள்ள வெள்ளைச் சுவரைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். இரு பக்க விளக்குகளால் அங்கே மூன்று நிழல்கள் விழுகின்றன. ஓரங்களில் ஆளுக்கொன்று, நடுவில் இருவரின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாக. இருவரும் சேர்ந்து ஆடும்போது நடு நிழல் ஒரே ஆளாக அடர்ந்து தெரியும். விலக விலக அதற்கு நான்கு கைகள் முளைக்கும்.

இவ்வளவு உயரம் தூக்கிப் போடுகிறார்களே, அடிபடாதா?

அடிபடும். முழங்கால், தோள், கீழ்முதுகு மூன்றும் இவர்களுக்கு எப்போதும் கவலைதான். ஆனால் பார்க்கிற அளவுக்கு முரட்டுத்தனமான காரியம் இல்லை. தூக்கப்படுகிறவர் சும்மா தொங்குவதில்லை. முழங்காலை மடித்துத் தானே எழும்புகிறார், அந்த எழுச்சி உச்சிக்கு வரும் கணத்தில் தூக்குகிறவர் கால்களால் தள்ளி வாங்கிக்கொள்கிறார். இடுப்பு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு சுமை குறையும். கையை நீட்டித் தூக்குவதுதான் கஷ்டம். விழும்போதும் கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகு என்று வரிசையாகத் தரையைத் தொட்டு உருள்வார்கள், அடி ஓரிடத்தில் தங்காது.

உயரமான தூக்கல்களுக்குக் கைதட்டும் பழக்கம் இருந்தால், இறங்குவதையும் பார்க்கத் தொடங்குங்கள். ரசல் மாலிஃபண்ட் 2005-இல் பாலே கலைஞர் சில்வி கியெமோடு ஆடிய ‘புஷ்’ படைப்பின் தொடக்கத்தில் அவர் தோளில் இருந்து கியெம் கீழே வரும் விதம்தான் விருந்து. எந்த இடத்திலும் ‘இதோ இறக்கிவிட்டேன்’ என்று தெரியாமல் தரைக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்.

பெண் ஆணைத் தூக்குவதும் இங்கே சர்வசாதாரணம்.

எல்லாம் முன்கூட்டியே அமைத்ததா, அந்த நேரத்தில் தோன்றுவதா?

மேடையில் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான டூயட்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தவை. ஆனால் அவற்றின் அசைவுகள் பிறந்த விதம் வேறு. 1972-இல் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் ஸ்டீவ் பாக்ஸ்டன் மாணவர்களைக் கொண்டு ‘மெக்னீசியம்’ என்ற ஒன்றைச் செய்தார். உடற்பயிற்சி மெத்தை மேல் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து, மோதி, உருண்டு, கடைசியில் சும்மா நின்றார்கள். பாக்ஸ்டன் கன்னிங்ஹாம் குழுவில் ஆடியவர், ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையும் பயின்றவர். அதிலிருந்து வளர்ந்ததுதான் கான்டாக்ட் இம்ப்ரொவைசேஷன். தொடும் புள்ளி ஒன்று இருக்கும். அது உருண்டு போகும் பக்கம் இருவரும் போவார்கள், யாரும் வழிநடத்த மாட்டார்கள். இன்று உலகெங்கும் டூயட் அமைப்பவர்கள் ஒத்திகை அறையில் இப்படித் தேடி, கிடைத்ததில் நல்லதை எடுத்து நிலைப்படுத்திக்கொள்கிறார்கள்.

முழுக்க அந்த நேரத்திலேயே ஆடுவதும் உண்டு. அப்படியானால் அறிவிப்பில் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

எங்கே உட்கார்ந்தால் நல்லது?

நடுப்பகுதி, சற்று உயரத்தில். முன்வரிசையில் மூச்சும் வியர்வையும் கிடைக்கும், ஆனால் தரையில் நடப்பது சரியாகத் தெரியாது. சமகால நடனத்தில் தரை வேலை நிறைய. சிறிய அரங்காக இருந்தால் எந்த இடமும் சரிதான். பெரிய அரங்கில் கடைசி வரிசை என்றால் இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி நன்றாகத் தெரியும், தசையின் நடுக்கம் தெரியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். உடலை முழுதாகவோ பகுதியாகவோ காட்டும் படைப்புகளும், வன்முறையைத் தொடும் படைப்புகளும் உண்டு. அமைப்பாளர்களிடம் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பொருத்தமான நிகழ்ச்சி என்றால் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகப் பார்ப்பார்கள். ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்ற பதற்றம் அவர்களுக்கு இல்லை.

நடுவில் சலிப்பு வந்தால்?

வரும். வந்தால் பார்வையை மாற்றுங்கள். இருவரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பவரை மட்டும் பாருங்கள். டூயட்டில் நிற்பவருக்கும் வேலை இருக்கிறது. அவர் எங்கே பார்க்கிறார், எப்போது மூச்சு விடுகிறார், அடுத்து எந்தக் காலில் எடையை ஏற்றுகிறார் என்று கவனித்தால் மற்றவர் என்ன செய்யப் போகிறார் என்பது முன்பே தெரியத் தொடங்கும். அது தனி சுவாரசியம். எல்லாவற்றுக்கும் பிறகும் பிடிக்கவில்லை என்றால், அந்தப் படைப்பு உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் ரசனையில் குறை என்று நினைக்காதீர்கள். நன்றாக இல்லாத டூயட்களும் உலகத்தில் நிறைய இருக்கின்றன.

எப்போது கைதட்டுவது?

விளக்கு முழுதாக அணைந்து மறுபடி எரியும்போது. சபா கச்சேரியில் நடுவில் தட்டுவது உற்சாகம் தரும். இங்கே நடுவில் தட்டினால் மௌனத்தை எண்ணிக்கொண்டு ஆடுகிறவர்களுக்குக் கணக்குத் தவறிவிடும்.

வீடியோவில் பார்த்தால் போதாதா?

அறிமுகத்துக்கு நல்லதுதான். ‘ஃபாஸ்’ 2002-இல் முழுதாகப் படமாக்கப்பட்டிருக்கிறது, தேடிப் பாருங்கள். ஆனால் யாரைப் பார்க்க வேண்டும் என்பதைக் கேமரா முடிவு செய்துவிடுகிறது. ஒருவரை நெருக்கத்தில் காட்டும்போது மற்றவர் காணாமல் போகிறார். டூயட்டில் அது பெரிய நஷ்டம். எடையும் திரையில் பாதிதான் தெரியும். ஓர் உடல் இன்னொன்றின் மேல் வந்து விழும்போது நம் வயிறு இறுகுகிறதே, அது நேரில்தான் முழுதாக வரும்.

நிகழ்ச்சிக்குப் பிறகு கலைஞர்களோடு பேச்சு என்கிறார்கள். என்ன கேட்கலாம்?

‘இதன் கருத்து என்ன’ என்று கேட்டால் பெரும்பாலும் பொதுவான பதில்தான் வரும். நீங்கள் கண்ணால் பார்த்த ஓர் இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். ‘அவர் முதுகில் நீங்கள் படுத்த பிறகு நீண்ட நேரம் நகரவே இல்லையே, எப்போது எழுவது என்று எப்படித் தெரிந்தது?’ இப்படி ஒரு கேள்வி வந்தால் கலைஞர்கள் முகம் மலர்ந்துவிடும். ஒருவர் பதில் சொல்லத் தொடங்குவார், மற்றவர் ‘இல்லை, எனக்கு அப்படியில்லை’ என்று குறுக்கிடுவார். ஒத்திகையில் எதைக் கழித்தார்கள், முதலில் வேறு யார் ஆடினார்கள், துணை மாறியபோது எந்த அசைவை மாற்ற வேண்டி வந்தது என்பவையும் நல்ல கேள்விகள். தமிழில் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். சென்னையில் நடக்கும் நிகழ்ச்சி என்றால் மொழிபெயர்த்துச் சொல்ல யாராவது இருப்பார்கள்.